திண்டிவனம் தாண்டிட்டோம்

எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்த நாளிலிருந்து எனக்குப் புத்தி சொல்லாத ஆள் செஞ்சியில் இல்லை. கூட்டு ரோட்டில் டீ குடிக்கப் போனால் டீ ஆற்றுகிறவர் சொல்வார். முடி வெட்டப் போனால் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சொல்வார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து வரலாற்று வாத்தியாருக்கு ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடவே ஒரு மாணவன் வேண்டும். அவர் பேட்டரியின் ஆயுளைப் பற்றி இடைவேளை முழுவதும் பேசினார். "நடுரோட்டுல நின்னுட்டா இன்னா சார் பண்ணுவீங்க?" என்பதுதான் எல்லோருக்கும் இருந்த ஒரே கேள்வி. எனக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற அக்கறையில் கேட்டவர்கள் அதில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். காலனியிலிருந்து ஒருவன் கார் வாங்குகிறான், அதுவும் அவர்கள் தெருவில் இன்னும் யாரும் வாங்காத காரை வாங்குகிறான் என்றால் சிலருக்கு நெஞ்சு கரிக்கத்தான் செய்யும்.

நான் பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்துகிறவன். போக வர எவ்வளவு தூரம், ஒரு முறை சார்ஜ் போட்டால் எவ்வளவு ஓடும், வழியில் எங்கெங்கே சார்ஜ் போடலாம் என்று எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். என் கணக்கில் தப்பு இல்லை. இன்றைக்கும் சொல்வேன், தப்பு இல்லை. ஆனாலும் நடுரோட்டில்தான் நின்றேன். அவர்கள் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது என்பதை எழுதும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

வண்டி வாங்கியது நைனாவுக்காக, என் அப்பாவுக்காக. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பிளேட் வைத்த பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வீட்டுக்குள் நடக்கலாம், பஸ் படி ஏற முடியாது. ஆனால் அவர் உயிர் இருந்தது தாம்பரத்தில். அங்கேதான் என் அக்கா இருந்தாள். அம்மா போன பிறகு நைனாவுக்கு யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டும் என்றால் அது அக்காவிடம்தான். என்னிடம் பேசுவது கரண்ட் பில் பற்றியும் மாத்திரை பற்றியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அக்கா பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, சென்னையில் துணி தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்ச் சம்பாதித்து என்னைப் படிக்கவைத்தவள். எனக்கே அவள்தான் அம்மா மாதிரி. நைனாவுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆவணியில் வண்டி வந்தது. வந்த வாரமே நைனாவை முன் சீட்டில் உட்காரவைத்துத் தாம்பரம் போனோம். திரும்பி வரும்போது திண்டிவனம் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் வேக சார்ஜ் போட்டுவிட்டு இட்லி சாப்பிட்டோம். நைனா இரண்டாவது காபி குடித்து முடிப்பதற்குள் வண்டி தயாராகிவிட்டது. "பரவால்லடா, மாடு தண்ணி குடிக்கிற நேரங்கூட ஆவல" என்றார். அவர் என்னைப் பாராட்டியது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் முறை.

அதற்குப் பிறகு அக்காவுக்கு உடம்பு கெட்டது. கல்லீரல் என்றார்கள். குடிக்கிறவனுக்குத்தான் அது கெடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு சொட்டு குடிக்காதவளுக்கும் கெடும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நைனாவைக் கூட்டிவரக் கூடாது என்று அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். "குழாவோட நான் படுத்திருக்கறத நைனா பாக்கக் கூடாது. வூட்டுக்கு வந்ததும் கூட்டிட்டு வா" என்றாள். நான் மட்டும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். கார் உள்ளூரில்தான் ஓடியது. பள்ளிக்கூடம், பஜார், நைனாவின் பிசியோதெரபி, விழுப்புரத்தில் டிரெய்னிங், அவ்வளவுதான். இரவில் வீட்டு பிளக்கில் மாட்டிவிட்டுத் தூங்குவேன். காலையில் நிறைந்திருக்கும். ஒரு தகராறும் இல்லை.

கார்த்திகை அமாவாசைக்கு முந்தின நாள் காற்றும் மழையுமாக அடித்தது. விழுப்புரம் போய்விட்டு வந்திருந்தேன், பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. வழக்கம்போல வண்டியைப் பிளக்கில் மாட்டினேன். மாட்டிய கொஞ்ச நேரத்தில் எங்கேயோ லைன் மேல் மரம் விழுந்து கரண்ட் போனது. காலையிலும் வரவில்லை. வாசலில் நின்று ஈ.பி. ஆபீசைத் திட்டிக்கொண்டிருந்தபோது மாமா போன் செய்தார். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். ரொம்பப் பேசாத மனிதர்.

"மச்சான், நேத்து ராத்திரி வூட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். இனிமே இங்க வச்சிருந்து பிரயோஜனம் இல்லன்னுட்டாங்க. அவ நைனாவக் கேக்கறா. சீக்கிரம் வந்துடுங்க. இன்னிக்குத் தாங்கறது சந்தேகமா இருக்குது."

நைனா அதற்குள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "வெள்ள வேட்டி எடு" என்று என் மனைவியிடம் சொன்னார்.

வாடகைக் காரில் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தெரிந்த டிரைவர்கள் எல்லோருக்கும் போன் அடித்தேன். செஞ்சியில் அமாவாசை அன்றைக்கு வாடகைக் கார் கேட்பவனைவிடப் பைத்தியக்காரன் இருக்க முடியாது. அத்தனை வண்டியும் மேல்மலையனூருக்குப் போயிருந்தது. "சாமி சவாரி சார், நாளைக்கு வேணா வரேன்" என்றான் ஒருவன். நாளைக்கு எனக்கு எதற்கு? இருக்கிற சார்ஜில் திண்டிவனம் தாண்டிக்கூடப் போகலாம். திண்டிவனம் நெடுஞ்சாலையில் வேக சார்ஜ் இருக்கிறது. அங்கே ஒரு காபி குடிக்கும் நேரம் நின்றால் தாம்பரம் வரைக்கும் கவலை இல்லை. இதுதான் என் கணக்கு. மனைவி பிள்ளைகளுடன் பின்னால் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். நானும் நைனாவும் கிளம்பினோம்.

திண்டிவனத்தை ஒட்டிய அந்த ஓட்டலின் பின்பக்கம்தான் சார்ஜ் போடும் இடம். தூறிக்கொண்டிருந்தது. வண்டியில் சார்ஜ் போடும் வாய் இரண்டு பாகம். மேலே வட்டமாக இருப்பது வீட்டு சார்ஜுக்கு. அதற்குக் கீழே இரண்டு பெரிய துளைகள், வேக சார்ஜுக்கு மட்டும். கீழே இருப்பதற்குத் தனியாக ஒரு ரப்பர் மூடி உண்டு, வீட்டில் போடும்போது அதைத் திறக்கவே வேண்டாம். அதைப் பிடுங்கிவிட்டுத் தடிமனான ஒயரின் நுனியில் துப்பாக்கி மாதிரி இருக்கும் பிளக்கைச் சொருகினேன். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. போனில் ஆப்பை அழுத்தினேன். மெஷின் யோசித்தது. பச்சை விளக்கு மினுக்கியது. நைனா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். காட்டிய கை இறங்குவதற்குள் விளக்கு சிவப்பாகி, பூட்டுத் திறந்துகொண்டது.

மறுபடி சொருகினேன். மறுபடி பச்சை, மறுபடி சிவப்பு. பக்கத்திலிருந்த இரண்டாவது துப்பாக்கிக்கு வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். அதிலும் அதே கதை. வண்டியைப் பூட்டி, கொஞ்ச நேரம் விட்டு, திறந்து பார்த்தேன். கைக்குட்டையால் துளைகளின் வாயைத் துடைத்துப் பார்த்தேன். துப்பாக்கி கனத்தால் கீழே தொங்குகிறது, அதனால் சரியாகப் பொருந்தவில்லை என்று நினைத்துத் தோள் கொடுத்துத் தாங்கிப் பிடித்தேன். ஓட்டல் காவலாளி குடையுடன் வந்து நின்றார். "காலையில ரெண்டு வண்டி போட்டுட்டுப் போச்சே சார்" என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நேரத்தில் அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது.

மெஷின் மேல் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். பாட்டு பாடியது. கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"வண்டி பார்க்கிங்ல இருக்கா சார்?"

"இருக்குதும்மா."

"ஆப்ப ஒரு தடவ டெலீட் பண்ணிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க சார்."

"அம்மா, எங்க அக்கா சாகக் கெடக்கறா. ஒடனே போவணும்."

"சாரி சார். நான் இங்கருந்து மெஷின ரீஸ்டார்ட் பண்றேன். பத்து நிமிஷம் வெயிட் பண்ணுங்க" என்றாள். அவள் குரலில் உண்மையாகவே கலக்கம் இருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது. அவள் அலட்சியமாகப் பேசியிருந்தால் அப்போதே வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நைனாவை எப்படியாவது பஸ்ஸில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோயிருப்பேன். இந்த மாதிரி வேலையின் சாபமே இதுதான். அடுத்த முறை சரியாகிவிடும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். சரியாகிவிட்டால் பஸ்ஸைவிட முன்னால் போய்விடலாம் என்றும் தோன்றும்.

காத்துக்கொண்டிருந்தபோது நைனாவின் போன் அடித்தது. மாமாதான். அக்கா காதருகே போனை வைத்திருப்பதாகச் சொன்னார். நைனா ஸ்பீக்கரில் போட்டார். மூச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம், "நைனா" என்றாள். குரல் சின்னப் பெண் குரல் மாதிரி இருந்தது.

"வந்துனே இருக்கேம்மா. திண்டிவனம் தாண்டிட்டோம்" என்றார் நைனா. நாங்கள் ஓட்டல் பின்புறத்தில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"மெதுவா வா நைனா. மழ பெய்யுது" என்றாள் அக்கா.

வீடியோ காலில் முகத்தைக் காட்டட்டுமா என்று மாமா கேட்டார். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொட்டியில பாக்கறதுக்கா நான் வரேன்? நேர்ல வந்து பாத்துக்கறேன். அவள முழிச்சினு இருக்கச் சொல்லு" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். என்னைப் பார்த்து, "இன்னாடா ஆச்சு? போட்டுத் தொலையேன்" என்றார்.

மெஷினை ரீஸ்டார்ட் செய்தார்கள். பச்சை. சிவப்பு. அந்தப் பெண்ணே திரும்பக் கூப்பிட்டு, மெஷினில் கோளாறு இருக்கலாம், அச்சிறுப்பாக்கத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய இன்னொரு இடம் இருக்கிறது, அது புது மெஷின் என்றாள். அதுவரை போகத்தான் சார்ஜ் இருந்தது, அதற்கு மேல் ரொம்ப இல்லை. ஏசியை அணைத்துவிட்டு, லாரிக்குப் பின்னால் லாரி வேகத்தில் ஊர்ந்து போனேன். கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்று படிந்து மங்கியது. நைனா தன் துண்டால் எனக்கு முன்னால் இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

புது மெஷின்தான். மேலே கூரைகூடப் போட்டிருந்தார்கள். சொருகினேன். பச்சை. சிவப்பு.

அப்போது என்னைப் போலவே ஒரு எலெக்ட்ரிக் காரில் ஒரு குடும்பம் வந்தது, அதே கம்பெனி வண்டி. நான் கழற்றிய அதே துப்பாக்கியை அந்த ஆள் எடுத்துச் சொருகினார். பச்சை வந்து, பச்சையாகவே நின்றது. "உங்க வண்டியிலதான் எதாவது இருக்கும் சார்" என்றார். திருச்சி பக்கம் போகிறவர்கள், வண்டி நிறையக் குழந்தைகள். எங்களை ஏற்றிக்கொள்ளச் சொல்லி அவர்களிடம் கேட்கவும் வழி இல்லை. இரண்டு இடத்தில் அவ்வளவு நேரம் போராடிய பிறகு, கோளாறு மெஷினில் இல்லை, என் வண்டியில்தான் என்று எனக்கு உறைத்தது. எல்லாம் என்னையே குறிவைத்துச் செய்வதைப் போல ஒரு ஆத்திரம் வந்தது. டயரை ஓங்கி உதைத்தேன். கால்தான் வலித்தது.

ரோட்டுக்கு ஓடினேன். கையைக் காட்டிய பஸ் எதுவும் நிற்கவில்லை. நின்ற ஒன்றிலும் படி வரைக்கும் ஆள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "வாக்கரோடயா? சான்சே இல்ல சார், அடுத்ததுல வாங்க" என்றார். பக்கத்து டீக்கடைக்காரரிடம் கெஞ்சி, அவருக்குத் தெரிந்த டாக்ஸிக்காரரை மேல்மருவத்தூரிலிருந்து வரச்சொன்னேன். அந்த ஆள் வந்து, நைனாவை மாற்றி ஏற்றி, வாக்கரை டிக்கியில் வைத்துக் கிளம்பினோம். என் கார் அந்தப் புதுக் கூரையின் கீழ் நின்றது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செங்கல்பட்டு ஏரியை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது மாமாவிடமிருந்து போன் வந்தது. என் போனில்தான் வந்தது. ஸ்பீக்கரில் போடவில்லை. "முடிஞ்சிடுச்சு மச்சான்" என்றார். பிறகு, "இப்பதான். நைனா வந்துட்டாரா, நைனா வந்துட்டாரான்னு கேட்டுனே இருந்தா" என்றார். நான் "சரி மாமா" என்று மட்டும் சொன்னேன். நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. முன்னால் போகும் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "டிரைவர், இனிமே மெதுவாவே போப்பா" என்றார்.

அடக்கம் முடிந்த இரண்டு மூன்று நாள் கழித்து, வண்டியை லாரியில் ஏற்றி விழுப்புரம் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். சண்டை போடத்தான் போனேன். பேச வேண்டிய வார்த்தைகளை எல்லாம் மனதுக்குள் தயாராக வைத்திருந்தேன். உங்கள் வண்டியால் என் அக்காவை என் அப்பா பார்க்க முடியவில்லை, நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்காமல் விட மாட்டேன் என்று மேனேஜர் மேஜையைத் தட்டினேன். அவர் தண்ணீர் கொடுத்தார். மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, கீழ் ரப்பர் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே ஆழமாக விட்டுச் சுழற்றி எடுத்தார். பஞ்சு மஞ்சளும் சிவப்புமாக வந்தது.

"சந்தனம் குங்குமம் சார்" என்றார். "ரெண்டு ஓட்டையிலயும் அடி வரைக்கும் இருக்குது. காஞ்ச வரைக்கும் சும்மா இருந்திருக்கும். மழ ஈரத்துல ஊறிடுச்சு. மெஷின் கரண்ட்ட வுடறதுக்கு முன்னாடி கசிவு இருக்குதான்னு பாக்கும். கசிவு இருந்தா நிறுத்திடும். வூட்டு சார்ஜ் மேல் ஓட்டையில போறதால ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது." அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யாரு சார் வண்டி வாய்க்குள்ள பொட்டு வச்சது?"

ஆயுத பூஜை.

நைனா வாலிபத்தில் டிராக்டர் டிரைவர். ஊரில் பெரிய நிலக்காரர் ஒருவரிடம் இருந்தார். வருடம் முழுக்க அந்த டிராக்டர் நைனாவின் கையில்தான் இருக்கும். சேறு கழுவுவது, கிரீஸ் போடுவது, பழுது பார்ப்பது எல்லாம் அவர்தான். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் அதைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு எட்டி நிற்க வேண்டும். பொட்டு வைப்பது நிலக்காரர் வீட்டுக் கைகள். எல்லாம் முடிந்த பிறகு, விரித்த துண்டில் மேலே படாமல் பொரியும் சுண்டலும் கொட்டுவார்கள். அடுத்த நாள் காலையில் அதே டிராக்டரை ஓட்ட அதே நைனா வேண்டும். இதை அவர் எங்களிடம் குறையாகச் சொன்னதில்லை. அம்மாதான் சொல்லுவாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அதனால் எங்கள் வண்டிக்கு முதல் ஆயுத பூஜை வந்தபோது, "யாரும் கை வெக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று நைனா சொன்னதும் சந்தனக் கிண்ணத்தை அவர் மடியிலேயே வைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, நாற்காலியை நகர்த்தி நகர்த்தி வண்டியைச் சுற்றினார். சக்கரத்துக்கு வைத்தார், கண்ணாடிக்கு வைத்தார், ஸ்டீயரிங்குக்கு வைத்தார், சீட் பெல்ட்டின் கொக்கிக்குக்கூட வைத்தார். "இதுக்குப் பெட்ரோல் ஊத்தற வாய் எங்கடா?" என்று கேட்டார். நான்தான் மூடியைத் திறந்து காட்டி, "பெட்ரோல் இல்ல நைனா, கரண்ட் இங்கதான் உள்ள போவுது" என்றேன். காட்டிவிட்டு எலுமிச்சம்பழம் எடுக்க உள்ளே போனேன்.

சர்வீஸ் சென்டரிலிருந்தே மனைவிக்குப் போன் செய்து கேட்டேன். "ஆமாங்க, ஒங்க நைனா அந்தக் கீழ் மூடியையும் தொறந்து உள்ள விரல வுட்டு வச்சாரு. திரும்ப அழகா மூடிட்டாரு. ஏங்க?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். மெக்கானிக் இன்னும் என் பதிலுக்காகச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் வச்சேன்" என்றேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில், இவனெல்லாம் ஒரு வாத்தியாரா என்பது எழுதியிருந்தது. போகட்டும்.

வண்டி ஓடும்படி ஆனது. நான்தான் ஓடும்படி இல்லை. அழுவதா, சிரிப்பதா, யாரை அடிப்பது என்று தெரியாமல் விழுப்புரத்திலிருந்து செஞ்சி வரைக்கும் வந்தேன். நைனா மேல் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். படித்துப் படித்துச் சொல்லியிருக்க வேண்டுமா, கரண்ட் போகும் இடத்தில் விரலை விடாதே என்று? பிறகு அந்த நிலக்காரர் மேல் வந்தது. அவர் செத்துப் பல வருடம் ஆகிறது. ஒரே ஒரு வருடம் அந்த டிராக்டருக்குப் பொட்டு வைக்க இந்த மனிதனை விட்டிருந்தால், ஒரு பொட்டோடு நிறுத்தியிருப்பார். வாழ்நாள் முழுக்க வைக்காத பொட்டை எல்லாம் என் வண்டியில் வைத்திருக்க மாட்டார். இந்தக் கோபத்தை எந்த நுகர்வோர் கோர்ட்டில் போடுவது?

காரியம் முடிந்த பிறகு துக்கம் விசாரிக்க வரலாற்று வாத்தியார் வந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார். அதோடு போயிருக்கலாம். வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கே தலபாடா அடிச்சிக்கிட்டேன், பேட்டரி வண்டிய நம்பாதீங்கன்னு. சார் கேக்கல" என்றார். வாயில் வந்ததை முழுங்கிக்கொண்டு அவரை அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தபோது நைனா வாக்கரைத் தள்ளி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். அக்கா போனதிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசியிருக்கவில்லை.

"வண்டிக்கு இன்னா கோளாறுன்னு சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல நைனா. சரி பண்ணிட்டாங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கா அன்னிக்கு நின்னுச்சு?"

வாக்கரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அந்த வாத்தியாரு வண்டி மேல பழியப் போடறாரு. வண்டி மேல தப்பு இருக்காதுடா. அது என் கையால பூச போட்ட வண்டி. ஒரு எடம் வுடாம பாத்துப் பாத்து வச்சேன். எனக்குத் தெரியும், அது நிக்காது. நீதான் இன்னாவோ பண்ணிட்ட."

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. நான் தியாகி இல்லை. சொல்லிவிட வேண்டும் என்று உடம்பே துடித்தது. என் மேல் தப்பு இல்லை, என் கணக்கில் தப்பு இல்லை, உன் விரல்தான் நைனா, உன் விரல்தான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவர் வலது கை மடியில் கிடந்தது. அக்காவின் நெற்றியில் கடைசியாகப் பொட்டு வைத்ததும் அந்த விரல்தான்.

"ஆமா நைனா" என்றேன். "சார்ஜ் பாக்காம கெளம்பிட்டேன். என் தப்புதான்."

இப்போதாவது ஒப்புக்கொண்டாயே என்பது போல ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அவர் முகம் கோணியது.

"அவ கேட்டுனே இருந்தாளாம்டா" என்றார். "எழுந்து போ. என் எதுர்ல நிக்காத."

எழுந்து போனேன்.